எலும்புக் குழிகளை நிரப்பும் பொருள்களும் அவற்றை மதிப்பிடும் முறையும்

முறிந்த எலும்பு தானாகவே கூடும் என்பது அனைவரும் அறிந்த உண்மை. தோலில் உண்டான ஆழ்ந்த புண் ஆறிய பின் அங்கு வடு எஞ்சுகிறது. எலும்போ, வடு எதுவுமின்றி, முன்பிருந்த எலும்பாகவே மீண்டும் உருவாகிறது. முறிந்த முனைகளை நேராகப் பொருத்தி அசையாமல் நிறுத்தி வைப்பது மருத்துவரின் பணி. அவற்றைக் கூட்டும் பணியை உடலே செய்துகொள்கிறது.

எனினும் இவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. வாகன விபத்தில் எலும்பின் ஒரு பகுதி சிதறிப் போகலாம். கட்டியையோ சீழ்பிடித்த பகுதியையோ அறுவையால் அகற்ற நேரலாம். அப்போது உண்டாகும் இடைவெளி மிகப் பெரிதாயின், எலும்பு அதனைத் தாண்டி வளர இயலுவதில்லை. அவ்விடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. கால் எடை தாங்காது, கை சுமை தூக்காது. ஒரு பிராணியின் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தாலும் தானாக எலும்பால் நிரம்பாத குழிகளுள் மிகச் சிறியதன் அளவு ‘மாறுநிலை அளவு’ எனப்படும். ஷ்மிட்ஸ், ஹாலிங்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1986-இல் இவ்வரையறையைத் தெளிவாக வகுத்தனர். எலியின் மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையும், முயலின் மண்டையோட்டில் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையும் இவ்வளவினவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன.

இத்தகைய குழிகளை எதனால் நிரப்புவது என்பது ஒரு வினா. நிரப்பிய பொருள் தன் வேலையைச் செய்ததா என்பதை எவ்வாறு அறிவது என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடைகள் பல கிடைத்துள்ளன. இரண்டாம் வினாவுக்குச் சரியான விடை காணாவிடில், முதல் விடைகளால் பயனில்லை. சில வேளைகளில் தீங்கும் உண்டு. ஆகவே இக்கட்டுரை இரண்டாம் வினாவையே முதன்மையாகக் கொள்கிறது.

எலும்பின் அமைப்பு

எலும்பு இருவகைப் பொருள்களின் கூட்டு. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரத இழை, மீதி நீர். கனிமம் கடினத்தைத் தருகிறது. இழை ஒடியாத தன்மையைத் தருகிறது.

இதனை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். கழுவிய கோழிக்கால் எலும்பொன்றைக் காடியில் சில நாட்கள் ஊறவைத்து, காடியை இடையிடையே மாற்றி வந்தால், கனிமம் கரைந்து எலும்பு ரப்பரைப் போல் வளையும். மற்றோர் எலும்பை ஆசிரியரே திறந்த வெளியில் நன்கு எரித்தால், இழை எரிந்து போய், எஞ்சிய வெள்ளைக் கனிமம் விரலால் நொறுங்கும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எலும்பு எலும்பாக இராது என்பது மாணவர்க்கு விளங்கும்.

கொல்லாஜனின் முப்புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு 1954-இல் வெளியிட்டனர். பின்னர் ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்று, அங்கு மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். எலும்பின் இழையை ஆராய்ந்தவர் பணியாற்றிய அதே கழகத்தில், பிற்காலத்தில் எலும்பின் கனிமத்தை ஒத்த பொருள்களும் ஆராயப்பட்டன.

நிரப்பும் பொருள்களின் வகைகள்

முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துக் குழியில் வைப்பர். இதில் உயிருள்ள அணுக்களும், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும், அணுக்கள் பற்றிப் படர்வதற்கான அமைப்பும் ஒருங்கே உள்ளன. ஆகவே மற்றப் பொருள்கள் அனைத்தும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன. ஆயினும் எடுக்கத்தக்க அளவு குறைவு. எடுத்த இடத்தில் இரண்டாவதாக ஒரு புண்ணும் வலியும் உண்டாகின்றன.

இரண்டாவது, பிறர் கொடையளித்த எலும்பு. ஸ்காட்லாந்தில் வில்லியம் மக்கீவன் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சிறுவனின் மேற்கை எலும்பை இவ்வாறு சீர்செய்தார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இவ்வகை எலும்பைப் பதப்படுத்திக் காமாக் கதிர்களால் கிருமி நீக்கி வழங்கி வந்துள்ளது. பதப்படுத்தும்போது உயிரணுக்கள் மடிந்துவிடுவதால், தூண்டும் ஆற்றல் குறைகிறது. கொடையாளரிடமிருந்து நோய் தொற்றாதவாறு கடுமையான சோதனையும் இன்றியமையாதது.

மூன்றாவது, விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து புரதம் முழுவதையும் நீக்கிக் கனிமத்தை மட்டும் பயன்படுத்துவர். இதன் மூலம் யாது என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை.

நான்காவது, செயற்கைப் பொருள்கள். ஜெர்மனியில் டிரெஸ்மான் என்பவர் 1892-இல் சுட்ட ஜிப்சம் சாந்தினால் எலும்புக் குழிகளை நிரப்பினார். அமெரிக்காவில் ஆல்பி 1920-இல் கால்சியம் பாஸ்பேட்டை முயலின் எலும்பு இடைவெளியில் செலுத்தி ஆராய்ந்தார். 1969-இல் லாரி ஹெஞ்ச் எலும்போடு நேரடியாகப் பிணையும் ஒரு கண்ணாடியைக் கண்டார். அதில் நூற்றுக்கு 45 பங்கு சிலிக்கா. எஞ்சியது சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள். இன்று மிகுதியாகப் பயன்படுபவை ஹைட்ராக்சி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் என்னும் பீங்கான் வகைப் பொருள்கள். இந்தியாவில் இவ்வகைப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி பெங்களூரு, திருவனந்தபுரம், கொல்கத்தா முதலிய இடங்களில் நடைபெற்று வந்துள்ளது.

செயற்கைப் பொருளின் பணியைக் கட்டட வேலையில் கட்டும் சாரத்திற்கு ஒப்பிடலாம். கொத்தர் நின்று வேலை செய்யச் சாரம் வேண்டும். சுவர் எழுந்த பின் சாரம் அகல வேண்டும். சுவர் உயருமுன் சாரத்தைப் பிரித்தால் வேலை நின்றுபோகும். வீடு முடிந்த பின்னும் சாரம் அகலாவிடில், குடியிருப்போருக்கு அது இடையூறு. ஜிப்சம் சில வாரங்களிலேயே கரைந்துவிடுகிறது. எலும்பு அவ்வளவு விரைவில் வளர்வதில்லை. நன்கு சுடப்பட்ட ஹைட்ராக்சி அபடைட்டோ பல ஆண்டுகள் கரையாது நிற்கும். டிரைகால்சியம் பாஸ்பேட் இரண்டிற்கும் இடைப்பட்டது. இதனால் இப்பொருள்களைத் தக்க விகிதத்தில் கலந்து, கரையும் வேகத்தை எலும்பு வளரும் வேகத்திற்கு இசைவிக்க முயல்கின்றனர்.

பெங்களூருவில் நடைபெற்ற ஆராய்ச்சி

1909-இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பொருளாராய்ச்சி மையத்தில், பேராசிரியர் பிக்ரம்ஜித் பாசுவின் தலைமையில் எலும்புக்கும் பல்லுக்கும் உரிய உயிரிணக்கப் பொருள்கள் ஆராயப்பட்டன. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் இதற்கென ஒரு சிறப்பு மையமும் அங்கு அமைந்தது.

அக்குழு எடுத்துக்கொண்ட கருத்துகளுள் ஒன்று எலும்பின் மின்தன்மையைப் பற்றியது. உலர்ந்த எலும்பை அழுத்தினால் சிறிதளவு மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை ஜப்பானியர்களான புக்காடாவும் யாசுடாவும் 1957-இல் நிறுவினர். ஹைட்ராக்சி அபடைட் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனுடன் கால்சியம் டைட்டனேட்டைச் சேர்த்தால் கலவையின் கடத்தும் தன்மை உயர்கிறது. இக்கலவையை முயல்களில் பதித்துப் பார்த்து, தனி ஹைட்ராக்சி அபடைட்டைவிடத் தொடக்கக் காலத்தில் எலும்பு நன்கு உருவாவதாகப் பாசு குழுவினர் 2014-இல் அறிவித்தனர். இவ்வறிக்கையில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, புதிய கலவை தனித்துப் பாராட்டப்படாமல், முன்னரே அறிந்த பொருளுடன் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டது. மற்றொன்று, கிடைத்த நலன் ‘தொடக்கக் காலத்தில்’ என்று காலவரையறையுடன் கூறப்பட்டது. ஆராய்ச்சி முடிவைப் படிப்போரும் அவ்வரையறையை விட்டுவிடலாகாது.

இக்கழகம் பெங்களூரு ராமய்யா மருத்துவக் கல்லூரியுடன் சேர்ந்து மண்டையோட்டுக் குழிகளைப் பற்றியும் ஆராய்ந்தது. நோயாளியின் சி.டி. படங்களைக் கொண்டு மண்டையோட்டின் மாதிரி முப்பரிமாண அச்சு முறையில் ஆக்கப்பட்டு, அம்மாதிரிக்குப் பொருந்துமாறு அக்ரிலிக் தகடு வடிவமைக்கப்பட்டது. 2021-இல் வெளிவந்த அவ்வறிக்கை தன்னை ஒரு முன்னோட்ட ஆய்வு என்றே குறிப்பிட்டது. அக்ரிலிக் ஒருபோதும் எலும்பாக மாறுவதில்லை. மூளையை மூடிக் காப்பதும், தலையின் வடிவை மீட்பதுமே அதன் பணி. ஆகவே அதில் எத்தனை எலும்பு வளர்ந்தது என்று கேட்பது பொருந்தாது. தகடு பொருந்தியதா, அசையாது நின்றதா, தொற்று உண்டாயிற்றா என்பனவே அங்கு உரிய வினாக்கள். ஒரு பொருளை மதிப்பிடும் அளவுகோல் அப்பொருளின் பணியைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

சோதனையின் படிகள்

ஒரு நிரப்புபொருள் நோயாளியை அடையுமுன் ஏறிவர வேண்டிய படிகள் ஐந்து.

முதற்படி ரசாயனச் சோதனை. ஹைட்ராக்சி அபடைட்டில் கால்சியம் அணுக்களுக்கும் பாஸ்பரஸ் அணுக்களுக்கும் உள்ள விகிதம் 1.67, டிரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5. இச்சிறு வேறுபாடே கரையும் வேகத்தைப் பெரிதும் மாற்றிவிடுகிறது. சூளையில் வெப்பம் மிகுந்தால் ஒன்று மற்றொன்றாகச் சிதையவும் கூடும். ஆகவே எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவின் மூலம் பொருளின் படிக அமைப்பு உறுதிசெய்யப்படுகிறது. ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களுக்கும் வரம்புகள் உண்டு. சர்வதேச நிர்ணயப்படி, ஹைட்ராக்சி அபடைட்டின் ஒரு கிலோகிராமில் அவை மொத்தம் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

இரண்டாம் படி துளைகளும் வலிமையும். இரத்தக் குழாய்கள் உள்ளே நுழையாவிடில் எலும்பு வளராது. ஒன்றோடொன்று இணைந்த துளைகள் குறைந்தது 100 மைக்ரான் அகலமாவது இருத்தல் வேண்டும். 300 மைக்ரானும் அதற்கு மேலும் சிறப்பு. ஆனால் துளை மிகுந்தால் வலிமை குறையும். கெட்டியான புற எலும்பு சுமார் 100 முதல் 200 மெகாபாஸ்கல் வரை அமுக்கத்தைத் தாங்கும். பஞ்சு போன்ற உள் எலும்பு பெரும்பாலும் 2 முதல் 12 மெகாபாஸ்கல் வரையே தாங்கும். துளைமிக்க பீங்கான் பொருள்கள் உள் எலும்பை ஒத்த வலிமையே உடையவை. ஆகவே தொடையெலும்பு போன்ற சுமைதாங்கும் இடங்களில், குழியை நிரப்பிய பின்னும் உலோகத் தகடோ கம்பியோ பொருத்துவது அவசியமாகிறது.

துளைகளின் அளவைக் கணக்கிடும் முறையை ஒரு செங்கல் துண்டைக் கொண்டே பள்ளியில் செய்து காட்டலாம். உலர்ந்த துண்டை நிறுத்து, நீரில் ஒரு நாள் ஊறவைத்து, முதலில் நீருக்குள் தொங்கவிட்டும் பின்னர் மேற்பரப்பைத் துடைத்து வெளியிலும் நிறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக உலர்ந்த எடை 180 கிராம், நீரில் தொங்கும்போது 110 கிராம், ஊறிய எடை 210 கிராம் எனக் கொள்க. ஊறிய எடைக்கும் தொங்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு 100. ஆகவே துண்டின் கன அளவு 100 கன சென்டிமீட்டர். உட்புகுந்த நீர் 30 கிராம். ஆகவே துளைகள் 30 கன சென்டிமீட்டர், அதாவது நூற்றுக்கு 30. ஆராய்ச்சிக்கூடங்களில் பீங்கான் துண்டுகளை அளக்கவும் இத்தத்துவமே பயன்படுகிறது. நீர் நுழையாத மூடிய துளைகள் இக்கணக்கில் சேரா. அவற்றினுள் இரத்தக் குழாயும் நுழையாதாகையால், அவை எலும்பு வளர்ச்சிக்கு உதவுவதுமில்லை.

மூன்றாம் படி திரவச் சோதனை. ஜப்பானைச் சேர்ந்த கொக்குபோ 1990-இல் இரத்த நீரை ஒத்த உப்புக் கரைசல் ஒன்றை விவரித்தார். அக்கரைசலை 36.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, அதில் பொருளை மூழ்கவிட்டால், சில பொருள்களின் மேல் எலும்புக் கனிமத்தை ஒத்த படலம் படிகிறது. எளிமையும் குறைந்த செலவும் உடைய முறை இது. ஆயினும் இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை. டிரைகால்சியம் பாஸ்பேட்டின் மேல் இக்கரைசலில் அப்படலம் பல முறை தோன்றுவதில்லை. உடலிலோ அது எலும்புடன் நன்கு இணைகிறது.

நான்காம் படி உயிரணுச் சோதனை. பொருளை ஊறவைத்த சாற்றில் அணுக்களை வளர்த்துப் பார்ப்பர். சாறு படாத அணுக்களோடு ஒப்பிட, உயிர்த்திருப்பவை நூற்றுக்கு 70-க்குக் குறைந்தால் அப்பொருள் அணுக்களுக்கு நஞ்சாகக்கூடும் எனக் கருதப்படும். ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேச நிர்ணய வரிசையின் 5-ஆம் பகுதி இதனை விதிக்கிறது. இத்தேர்வில் தேறியது என்றால் தீங்கின் அறிகுறி காணப்படவில்லை என்பதே பொருள். எலும்பை வளர்க்கும் என்பது அதனால் நிறுவப்படுவதில்லை.

ஐந்தாம் படி பிராணிகளில் பதித்துப் பார்த்தல். இந்தியாவில் இது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்திற்கும், அதன்கீழ் அமைந்த குழுவின் விதிகளுக்கும் உட்பட்டது. நிறுவனத்தின் நெறிக்குழு ஒப்புக்கொண்ட பின்னரே, தேவையான மிகக் குறைந்த எண்ணிக்கையில், வலி நீக்கும் மருந்துகளுடன் இது நடைபெற வேண்டும்.

ஒப்பீட்டுக் குழியின் இன்றியமையாமை

பிராணிச் சோதனையில் மிகுந்த கவனத்திற்குரியது ஒப்பீடு. முயலின் எலும்பில் ஒரு சிறு துளையிட்டுப் பொருளை நிரப்பி, 12 வாரங்களுக்குப் பின் பார்க்கையில் துளை எலும்பால் மூடியிருந்தது எனக் கொள்க. இது பொருளின் வெற்றியா? அத்துளை மாறுநிலை அளவைவிடச் சிறியதாயின், எதையும் நிரப்பாமல் விட்டிருந்தாலும் அது மூடியிருக்கும். ஆகவே, அதே அளவுள்ள மற்றொரு துளையை வெறுமையாக விட்டு, அதன் நிலையையும் அதே நாளில் அளந்தறிதல் வேண்டும். சொந்த எலும்பை நிரப்பிய மூன்றாவது துளையும் இருப்பின் ஒப்பீடு நிறைவு பெறும். வெறுங்குழி கீழ்வரம்பைக் காட்டும். சொந்த எலும்பு மேல்வரம்பைக் காட்டும். புதுப்பொருள் இவ்விரண்டிற்கும் இடையே எங்கு நிற்கிறது என்பதே விடை.

ஆல்பியின் 1920-ஆம் ஆண்டு ஆராய்ச்சி இன்றும் நினைவுகூரப்படுவதற்குக் காரணம் இதுவே. கால்சியம் பாஸ்பேட் செலுத்திய எலும்புகள் கூடுவதற்குச் சராசரியாக 31 நாட்களும், செலுத்தாதவை கூடுவதற்கு 41 நாட்களும் ஆயின என்று அவர் குறிப்பிட்டார். இரண்டாவது எண் இல்லாவிடில் முதல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மற்றோர் இடர், எக்ஸ்-கதிர்ப் படத்தினால் வருவது. எலும்பைப் போலவே கால்சியம் பாஸ்பேட் பீங்கானும் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. பதித்த அன்றே குழி முழுவதும் வெண்மையாக இருக்கும். அதனுள் எலும்பு ஒரு துளியும் இராது. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ‘அ’ என்ற பொருளை நிரப்பிய குழியில் 12 வாரங்களுக்குப் பின் புதிய எலும்பு நூற்றுக்கு 30, கரையாத பொருள் 50, மென்திசு 20 எனவும், ‘ஆ’ என்ற பொருளை நிரப்பிய குழியில் புதிய எலும்பு 55, கரையாத பொருள் 15, மென்திசு 30 எனவும் வைத்துக்கொள்க. படத்தில் வெண்மையாகத் தெரியும் பகுதி ‘அ’ குழியில் 80, ‘ஆ’ குழியில் 70. படத்தை மட்டும் நம்புவோர் ‘அ’ சிறந்தது என்பர். எலும்பை வளர்த்ததோ ‘ஆ’.

இக்காரணத்தால் எலும்பை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்நோக்கியின்கீழ் எலும்பு, பொருள், மென்திசு ஆகிய மூன்றின் பரப்பையும் தனித்தனியே அளக்கின்றனர். டெட்ராசைக்கிளின் என்ற மருந்து புதிதாகப் படியும் எலும்பில் தங்கி, புறஊதாக் கதிர் பட்டால் ஒளிர்கிறது. அதனைக் குறித்த நாட்களில் கொடுத்தால், எப்பகுதி எப்போது வளர்ந்தது என்பதும் தெரியும். நுண் சி.டி. கருவி முப்பரிமாண அளவைத் தருகிறது. இறுதியாக, சீரமைந்த எலும்பு எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பதும் சோதிக்கப்படுகிறது. அளப்பவருக்கு எக்குழியில் எப்பொருள் இருந்தது என்பது தெரியாதிருத்தல் நலம். விருப்பம் கண்ணை மயக்காமல் இருக்க இதுவே வழி.

இது ஆராய்ச்சிக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. படத்தில் குழி வெண்மையாகத் தெரிகிறது என்பதை மட்டும் கொண்டு, காலில் முழு எடையையும் ஊன்றிய நோயாளியின் எலும்பு மீண்டும் ஒடியக்கூடும். வெண்மையின் அளவைக் காட்டிலும், பொருளுக்கும் எலும்புக்கும் இடையே முதலில் தெரிந்த கோடு மறைவதும், பொருளின் மணிகள் மங்கி அவற்றினூடே எலும்பின் இழையமைப்பு தோன்றுவதும் நம்பத்தக்க அறிகுறிகள். வலி, அசைவு, ஊன்றும் ஆற்றல் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

வலிய மருந்தும் எச்சரிக்கையும்

எலும்பைத் தூண்டும் புரதங்கள் பற்றிய வரலாறும் இங்கு அறியத்தக்கது. கனிமம் நீக்கிய எலும்பைத் தசையினுள் வைத்தால் அங்கும் புதிய எலும்பு தோன்றுகிறது என்பதை மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் வெளியிட்டார். அதற்குக் காரணமான புரதங்களுள் ஒன்றை மரபணு முறையில் தயாரித்து, முதுகெலும்பின் கீழ்ப்பகுதி அறுவையில் பயன்படுத்த அமெரிக்கா 2002-இல் இசைவளித்தது. பின்னர் இசைவு பெறாத கழுத்துப் பகுதியிலும் சிலர் அதனைப் பயன்படுத்தினர். வீக்கத்தினால் மூச்சும் விழுங்குதலும் தடைப்பட்ட நிகழ்ச்சிகள் தெரியவர, அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரிக்கை விடுத்தது. ஓரிடத்தில் சோதித்தறிந்த பயன், சோதிக்காத மற்றோரிடத்திற்குத் தானாகவே பொருந்திவிடாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி சாதனங்கள் அவற்றால் நேரக்கூடிய அபாயத்திற்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. புதிய பொருளை மனிதரில் சோதிக்கும் முன் மத்திய உரிம அதிகாரியின் அனுமதியும், நெறிக்குழுவின் ஒப்புதலும், நோயாளி விளங்கிக்கொண்டு அளிக்கும் எழுத்து மூலமான இசைவும் தேவை.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியவை

கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரிடம் நோயாளியின் குடும்பத்தார், “செயற்கை எலும்பு வைத்தால் உடனே நடக்கலாமாமே?” என்று கேட்பதுண்டு. நிரப்பும் பொருள் எலும்பன்று, எலும்பு வளர்வதற்கான சாரம் என்பதையும், எலும்பு வளரும் வரை சுமையைத் தாங்குவது உலோகத் தகடும் ஊன்றுகோலுமே என்பதையும் அவர்கட்கு எடுத்துரைக்கலாம். புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டுப்படாத நீரிழிவும் அவ்வாறே. இவ்விரண்டையும் கவனியாதவிடத்து எவ்வளவு விலையுயர்ந்த பொருளாலும் முழுப்பயன் கிட்டாது. அறுவை செய்த இடத்தில் சிவப்பு, சூடு, நீர்க்கசிவு, காய்ச்சல் தோன்றின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

புதிய பொருள் ஒன்றைப் பற்றிய செய்தி வரும்போது ஆசிரியரும் ஊழியரும் ஐந்து வினாக்களை எழுப்பலாம். சோதித்த குழி தானாக மூட இயலாத அளவுடையதா? வெறுங்குழியோடும் சொந்த எலும்போடும் ஒப்பிடப்பட்டதா? வளர்ந்த எலும்பும் எஞ்சிய பொருளும் தனித்தனியே அளக்கப்பட்டனவா? எத்தனை வாரங்கள் கண்காணிக்கப்பட்டது? சோதித்த இடமும் இப்போது பயன்படுத்தும் இடமும் ஒன்றா? இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. செங்கல் துண்டின் துளையைக் கணக்கிட்ட மாணவன், இவற்றையும் தானே கேட்கப் பழகுவான்.